ஆறாம் எண்ணை யாரும் கூப்பிடவில்லை

அந்தப் பெட்டிக்குள் இரண்டு பிராசஸர்கள் இருந்தன. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூடியைக் கழற்றிவிட்டு, இரண்டின் தலையிலும் உட்கார்ந்திருந்த அலுமினியக் கட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒன்று சுட்டது. மற்றது வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல் விட்டவர் நெற்றி மாதிரி. உயிர் இருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்? ஆனால் பெட்டியை ஓட்டுகிற லினக்ஸ், ஒரு பிராசஸர்தான் இருக்கிறது என்று சாதித்தது. இரண்டாவதைக் கூப்பிட்டேன், பதில் இல்லை, அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரியைத் திரையில் எழுதிவிட்டுத் தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நான் பாலிடெக்னிக் முடித்து, மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சுக்கு குடோனின் மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். வெளிநாட்டுப் பழைய புத்தகங்களின் பக்கங்கள் படங்களாக எங்களுக்கு வரும். அந்தப் படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்து அனுப்ப வேண்டும். பிரித்தெடுப்பது கம்ப்யூட்டர், அது விட்ட தப்புகளைத் திருத்துவது நாங்கள். ஒரு புத்தகத்தை மென்று முடிக்க அதற்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. அதனால்தான் முதலாளி எங்கேயோ ஏலத்தில் விட்ட இந்த இரட்டை பிராசஸர் சர்வரை வாங்கிப் போட்டார். இரண்டு மாடு பூட்டினால் வண்டி வேகமாகப் போகும் என்று அவர் நினைத்தார். வண்டி என்னவோ ஒற்றை மாட்டில்தான் போனது.

என்னோடு வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். என்னைவிட நாலு வயது மூத்த மலையாளி. நான் சேட்டன் என்று கூப்பிடுவேன். ஹார்ட்வேர் தனக்குத் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். லினக்ஸ் எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் இரண்டு பேருக்கும் பாதிப் பாதிதான் தெரியும். அந்த இரண்டு பாதியும் ஒரே பாதி.

"எடோ, சிப்பு ரெண்டும் கண்ணு முன்னால உண்டல்லோ. ஒண்ணு மட்டும் எப்படிக் காணாமப் போகும்?" என்றார் சேட்டன்.

"கெர்னலுக்குக் கண்ணு இல்ல சேட்டா" என்றேன். பெரிய மேதாவி மாதிரி சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது நிஜம் என்பது பிறகுதான் தெரிந்தது.

லினக்ஸின் உள்ளே மற்ற எல்லாவற்றையும் மேய்க்கிற பகுதிக்குத்தான் கெர்னல் என்று பெயர். பெட்டிக்குக் கரண்ட் வந்ததும் பிராசஸர்களில் ஒன்றுதான் விழிக்கும். கெர்னல் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மற்றவை கூப்பிடும்வரை தூங்கிக்கொண்டிருக்கும். சரி, மற்றவை எத்தனை, எங்கே இருக்கின்றன என்று அதற்கு எப்படித் தெரியும்? போர்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து எண்ணிப் பார்க்கும் என்று நான் நம்பியிருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. மதர்போர்டோடு ஒட்டிப் பிறந்த ஒரு சின்னப் புரோகிராம் இருக்கிறது, பயாஸ். எல்லோருக்கும் முன்னால் எழுவது அதுதான். அது எழுந்ததும் மெமரியில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒரு பட்டியலை வைத்துவிட்டுப் போகும். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பிராசஸருக்கும் ஒரு வரி. இன்ன எண், பயன்படுத்தலாம், அல்லது கூடாது. கெர்னல் அந்த வரிகளைப் படித்து, ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிடும். முதலில் ஒரு உலுக்கல். பிறகு இரண்டு தடவை, எழுந்திரு, எழுந்திரு. கொஞ்சம் காத்திருக்கும். பதில் வராவிட்டால் வரவில்லை என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பட்டியலில் இல்லாத எண்ணை அது கூப்பிடுவதே இல்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இயந்திரத்தின் மேல் கோபப்படுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். இருந்தாலும் வந்தது. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறாரா என்று தலையைத் திருப்பிப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற ஆளை எனக்கு ஏற்கனவே தெரியும்.

அந்த ஆள் கீழே குடோனில் இருந்தார், கணக்கப்பிள்ளை. காலை எட்டு மணிக்கு நீளமான ஒரு நோட்டைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். சுக்கு சுத்தம் செய்கிற பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தராக "உண்டு" என்பார்கள். அந்த வரிசையில் என் அம்மாவும் இருந்தாள். அம்மா "உண்டு" சொன்ன பெயர் அவளுடைய பெயர் இல்லை. அது என் பெரியம்மாவின் பெயர்.

குடோனில் அது வழக்கம். இடம் பெயருக்குத்தான் சொந்தம், ஆளுக்கு இல்லை. பிரசவத்துக்கோ ஊருக்கோ போகிறவள் தன் இடத்தில் தங்கையையோ நாத்தனாரையோ உட்கார வைத்துவிட்டுப் போவாள். உட்கார்ந்தவளைப் பகரக்காரி என்பார்கள். மலையாளத்தில் பதிலுக்கு வந்தவள் என்று அர்த்தம். நோட்டில் பெயர் மாறாது. கணக்கப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். பெயரை மாற்றி எழுதினால் இடமே போய்விடும் என்பதால் யாரும் மாற்றச் சொல்லவும் மாட்டார்கள். தென்காசிப் பக்கம் பெரியப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது பெரியம்மா அங்கே போனாள். ஒரு மாசத்தில் வருகிறேன் என்று அம்மாவை உட்கார வைத்தாள். வரவே இல்லை. அம்மா பதினோரு வருஷமாக அந்தப் பெயரில் இருந்தாள்.

எனக்குப் பதினோரு வயதோ பன்னிரண்டோ இருக்கும், ஒருநாள் அம்மா மறந்துவிட்டுப் போன சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். வாசலில் நின்று அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அப்படி ஒருத்தி இங்கே இல்லையே மோளே என்றார் கணக்கப்பிள்ளை. எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே தூசிக்குள் முகத்தில் துணி கட்டிய ஐம்பது பெண்கள், அதில் என் அம்மா யார் என்று தெரியவில்லை. நான் அழுத சத்தம் கேட்டு ஒருத்தி எழுந்து வந்தாள். துணியை இறக்கியதும்தான் அது அம்மா.

மேல்மாடியில் வேலை கிடைத்தபோது அதே சுக்குத் தூசி எனக்கும் வந்தது. முதலாளி சர்வரைக் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தார், அதற்குள்ளும் தூசி போனது. காலையில் நான் கம்ப்யூட்டரைத் தொடங்குகிற நேரமும் கீழே கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுகிற நேரமும் ஒன்றாக இருந்தன. திரையில் வரிகள் ஓடும், ஜன்னல் வழியாக "உண்டு, உண்டு" என்று கேட்கும். அம்மாவின் குரலை எனக்குத் தனியாகத் தெரியும். அது பெரியம்மாவின் பெயருக்குப் பதில் சொல்கிற குரல்.

அந்த மாசம்தான் குடோன் கைமாறப் போகிறது என்ற செய்தி வந்தது. ஏற்றுமதி செய்கிற ஒரு பெரிய கம்பெனி வாங்குகிறது. அவர்களுடைய அதிகாரி ஒருத்தர் ஒரு வியாழக்கிழமை வருவார். நோட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். "உண்டு" சொன்னவர்களுக்குப் புகைப்படம் போட்ட கார்டு, நிரந்தர வேலை, பி.எஃப். சொல்லாதவர்களின் பெயரை அடித்துவிடுவார்.

அம்மா அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததிலிருந்து கார்டைப் பற்றியே பேசினாள்.

"கழுத்துல தொங்கப் போடுற கார்டுடி. ஆஸ்பத்திரி நர்ஸுமாரு போட்டிருப்பாங்கள்ல, அது போல."

"கார்டுல யாரு பேரு இருக்கும்?"

அம்மா சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"போட்டோ என்னோடதுதானே" என்றாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போட்டோ அம்மாவுடையது, பெயர் பெரியம்மாவுடையது, ரேஷன் கார்டிலோ அம்மாவின் சொந்தப் பெயர். நாளைக்கு யாராவது கேட்டால் ஆள்மாறாட்டம் என்று சொல்லி வெளியே தள்ளுவார்கள். பெரியம்மாவோ பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டு, "என் பேர விட்டுராத தாயி, நீயே இருந்துக்கோ" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுவும் என்னைக் குழப்பியது. ஒருத்தியின் பெயரை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட முடியுமா? கொடுத்துவிட்டு அவள் அங்கே எந்தப் பெயரில் இருக்கிறாள்?

இந்த நிலையில்தான் சர்வர் வழிக்கு வந்தது. எங்கள் சாமர்த்தியம் இல்லை. இன்டர்நெட்டில் யாரோ யாருக்கோ எழுதிய ஒரு பதிலில், கெர்னல் தொடங்கும்போது இந்த ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்துப் பார் என்று இருந்தது. ஏசிபிஐ ஆஃப். என்ன ஏது என்று தெரியாமலே நான் அதைத் தட்டினேன். வரிகள் ஓடின. பூஜ்யம் எண் பிராசஸர். அடுத்த வரி, ஆறாம் எண் பிராசஸர். இரண்டும் எழுந்து நின்றன. சேட்டன் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தார்.

"ஆறா? ரெண்டே சிப்பு, அதுல ஆறு எங்கேருந்து வந்தது?" என்றேன்.

"எங்கேருந்தோ வரட்டும். வந்தல்லோ!" என்றார் சேட்டன்.

நான் விடவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். பயாஸ் ஒரு பட்டியல் இல்லை, இரண்டு பட்டியல் வைத்திருந்தது. ஒன்று பழைய முறைப்படி எழுதியது, மற்றது புதிய முறை. கெர்னல் முதலில் புதியதைத் தேடும். அது கிடைத்துவிட்டால் பழையதைப் பிராசஸருக்காகத் திறந்துகூடப் பார்க்காது. எங்கள் போர்டின் புதிய பட்டியலில் பூஜ்யம், ஒன்று என்று எழுதியிருந்தது. ஆனால் இரண்டாவது சிப்பு உட்கார்ந்திருந்த இடத்துக்கு எண் ஆறு. அந்த ஜாதி போர்டுகளில் அது அப்படித்தானாம். கெர்னல் "ஒன்று, ஒன்று" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஆறு, தன்னைக் கூப்பிடவில்லை என்று வெதுவெதுப்பாக உட்கார்ந்திருக்கிறது. யாரோ வேறு போர்டின் பட்டியலை அப்படியே எடுத்து இதில் வைத்துவிட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. பழைய பட்டியலில் ஆறு என்று சரியாக இருந்தது. நான் தட்டிய சொல், புதியதை நம்பாதே என்று கெர்னலுக்குச் சொன்னது, அது வேறு வழியில்லாமல் பழையதைப் படித்தது. பழையது ஏன் சரியாக இருந்தது, புதியது ஏன் தப்பாகப் போனது, அது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இதனால் ஒரு தொல்லையும் வந்தது. அந்தச் சொல்லைக் கொடுத்தால் சர்வர் தானாக அணையாது. நிறுத்தச் சொன்னால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, இனி கரண்டை எடுத்துவிடலாம் என்று எழுதிக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். நாம்தான் போய் பட்டனை அழுத்த வேண்டும். அதைப் பெரிய விஷயமாக நாங்கள் நினைக்கவில்லை.

என் தலையில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. குடோனுக்கும் இரண்டாவது பட்டியல் ஒன்று இருந்தது. யூனியன் ஆபீஸின் உறுப்பினர் புத்தகம். அதில் இடத்தைப் பார்த்து எழுதமாட்டார்கள், ஆளைப் பார்த்து எழுதுவார்கள். அம்மாவின் சொந்தப் பெயர், வயது, எந்த குடோன், எந்த வருஷத்திலிருந்து என்று எல்லாம் அதில் இருந்தது. யூனியன்காரரிடம் கேட்டு அந்தப் பக்கத்தை ஒரு நகல் எடுத்து வாங்கிக்கொண்டேன். அதைக் கையில் வாங்கியபோது எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. திரையில் ஆறு என்று பார்த்தபோது இருந்ததைவிட அதிகம்.

புதன்கிழமை சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்.

"நாளைக்குப் பெரியம்மா பேரக் கூப்பிடும்போது நீ பதில் சொல்லாத."

"என்னடி சொல்லுற?"

"பதில் சொன்னா அந்தப் பேருலயே உன்ன எழுதிருவாங்கம்மா. அப்புறம் சாகுற வரைக்கும் அதுதான். பேசாம இரு. அந்தப் பேரு இல்லன்னு ஆகும். அப்ப இந்தப் பேப்பர நான் காட்டுறேன். உன் பேருல உனக்குக் கார்டு."

சர்வர் கதையையும் சொன்னேன். ஒன்றாம் எண், ஆறாம் எண், இரண்டு பட்டியல், எல்லாம். அம்மா பொறுமையாகக் கேட்டாள். கப்பைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டே கேட்டாள். கடைசியில் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உன் பொட்டிக்கு அந்த லிஸ்ட நம்பாதேன்னு நீ முன்னமே எழுதிக் குடுத்தல்ல?"

"ஆமா."

"அந்த ஆபீசருக்கு யாரு எழுதிக் குடுப்பா?"

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் வரும், அது என் பிறவிக் குணம். "நான் முன்னாடியே போய்ப் பேசிக்கிறேன், நீ சொன்னதச் செய்" என்று கத்தினேன். அம்மா மறுபடியும் கத்தியை எடுத்துக் கிழங்கைச் சீவத் தொடங்கினாள். படித்த மகள் சொல்கிறாள் என்று விட்டுவிட்டாள். இல்லை, என் கோபத்துக்குப் பயந்து விட்டுவிட்டாளோ? இதுவும் எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை ஏழரைக்கே போய்விட்டேன். அதிகாரி இன்னும் வரவில்லை. நகல் என் கைப்பையில் இருந்தது. வாசலிலேயே நின்று காத்திருக்கலாம் என்று நினைத்தபோது மேலேயிருந்து சேட்டன் அலறினார். வாடிக்கையாளர் ஒருவரை முதலாளி கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார், சர்வரைக் காட்ட. காலையில் தொடங்கினால் மறுபடியும் ஒரு பிராசஸர்தான் வருகிறது.

குற்றம் என்னுடையதுதான். அந்தச் சொல்லை ஒவ்வொரு தடவையும் கையால்தான் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் அது பாட்டுக்கு இருக்கும். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று விட்டிருந்தேன். சேட்டனுக்கு அந்தச் சொல் சரியாக நினைவில்லை. ஐந்து நிமிஷ வேலைதானே என்று மேலே ஏறினேன். நிறுத்தினேன், மறுபடியும் தொடங்கினேன், அது கேட்கிற இடத்தில் சொல்லைத் தட்டினேன். வரிகள் ஓடத் தொடங்கின. அப்போது ஜன்னல் வழியாக ஒரு புதிய குரல் பெயர் கூப்பிடுவது கேட்டது.

படிக்கட்டுக்கு ஓடினேன். உள்பக்கப் படிக்கட்டில் பாதியில் நின்றால் குடோன் முழுவதும் தெரியும். கணக்கப்பிள்ளை ஒதுங்கி நின்றிருந்தார். முழுக்கைச் சட்டை போட்ட ஓர் இளைஞர் மேஜை போட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்திருந்தார். பாதிப் பெயர்கள் போய்விட்டிருந்தன. பகரக்காரிகளும் தங்கள் தங்கள் கடன் வாங்கிய பெயருக்குத் தைரியமாக "உண்டு" சொல்லிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் போய் அந்த நோட்டை நம்பாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? தொடங்கிவிட்ட பிறகு சொன்னால் கெர்னலே கேட்காது.

பெரியம்மாவின் பெயர் வந்தது.

அம்மா பேசவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

அதிகாரி மறுபடியும் கூப்பிட்டார். கணக்கப்பிள்ளை அம்மாவைப் பார்த்து, என்ன ஆயிற்று உனக்கு என்பதுபோல் கண்ணை உருட்டினார். பக்கத்தில் இருந்தவள் அம்மாவை முழங்கையால் இடித்தாள். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லட்டுமா என்று கேட்டாள், வாயால் இல்லை. ஒரு தலையசைப்பு போதும், அம்மா சொல்லியிருப்பாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அந்த நொடியில் நான் என்ன நினைத்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். பயமா, பிடிவாதமா? முந்தின நாள் அவ்வளவு பேசிவிட்டு இன்று பின்வாங்குவதா என்ற திமிர்தான் என்று இப்போது சொல்வேன்.

மூன்றாவது தடவை கூப்பிட்டார். பிறகு ஒரு கோடு போட்டார். அடுத்த பெயர்.

எல்லாம் முடிந்ததும் நகலை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அம்மாவையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நல்ல மனிதர். எரிந்து விழவில்லை. நகலை முழுக்கப் படித்தார், அம்மாவை நிமிர்ந்து பார்த்தார், நகலைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எனக்குத் தந்த லிஸ்ட் அல்லல்லோ" என்றார்.

"ஆனா இவங்க இங்கதான் சார் பதினோரு வருஷமா இருக்காங்க. கணக்கப்பிள்ளையக் கேளுங்க. இதோ நிக்கிறாங்களே, கண்ணால பாக்குறீங்கள்ல?"

"காணுன்னுண்டு. கண்ணால கண்டத நான் எங்க எழுதும் மோளே? இதுல அதுக்குக் கட்டம் இல்ல" என்று நோட்டின் கட்டங்களைக் காட்டினார்.

அம்மா என் கையை விடுவித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். முறத்தைத் தட்டிச் சுவரில் சாய்த்து வைத்தாள். முகத்துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வெளியே போனாள். மேலே முதலாளியும் வாடிக்கையாளரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. சர்வர் இரண்டு பிராசஸரோடு ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வீட்டில் இருந்தாள், சமைத்தாள், காலை எட்டு மணி ஆனால் மட்டும் வாசலுக்கு வந்து நின்றுவிட்டு உள்ளே போனாள். "உண்டு" சொன்ன பகரக்காரிகள் நாலு பேருக்கும் கார்டு வந்தது. ஆள்மாறாட்டம் என்று யாரும் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் அந்தக் கம்பெனியே, பெயர் மாற்ற வேண்டியவர்கள் வக்கீல் பத்திரம் கொண்டு வாருங்கள் என்று அறிவித்தது, நாலு பேரும் தங்கள் சொந்தப் பெயருக்கு மாறிக்கொண்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தப்புப் பட்டியலுக்கே பதில் சொல்லி உள்ளே போய்விட்டு, பிறகு திருத்திக்கொள்ளலாமாம். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. கெர்னலில் அப்படி நடக்காது. அப்படியானால் நடந்தது என்ன? எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நான் முட்டாள் என்பது மட்டும் குழப்பமில்லாமல் தெரிகிறது.

அந்தச் சொல்லை அன்றே ஃபைலில் எழுதி வைத்தேன். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது சர்வரை நிறுத்தச் சொல்லிவிட்டு, அது எழுதிக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பட்டனை அழுத்துவேன். பட்டனை அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் அம்மாவின் அந்தப் பார்வை நினைவுக்கு வரும். இரண்டு வருஷம் கழித்து அந்தச் சர்வர் பழைய சாமானுக்குப் போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அம்மாவால் சும்மா உட்கார முடியவில்லை. குடோனை விட்டு வந்த ஏழெட்டு மாசத்திலேயே, தோப்பும்படியில் இறால் உரிக்கிற ஒரு ஷெட்டில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, போகிறேன் என்றாள். இந்தத் தடவை நானே கூட வந்து எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டேன். அம்மாவின் பெயர் அதில் அச்சில் இருந்தது. காலையில் பஸ்ஸில் போகும்போதே சொல்லிவிட்டேன், கேட்டால் உன் பேரைச் சொல்லு, சந்தேகப்பட்டால் கார்டைக் காட்டலாம். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சரி என்றாள்.

ஷெட் வாசலில் ரப்பர் செருப்பு போட்ட ஒரு சேச்சி புதிய நோட்டோடு நின்றிருந்தாள். முதல் பக்கம்கூட நிறையாத நோட்டு. அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேரு?" என்றாள்.

நான் ரேஷன் கார்டை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா சொல்லிவிட்டாள், தடுமாறாமல், தெளிவாக. பெரியம்மாவின் பெயர். சேச்சி எழுதிக்கொண்டு, நில்லு, கூப்பிடுகிறேன் என்று உள்ளே போனாள்.

அம்மாவைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, அழவும் வேண்டும்போல இருந்தது.

"ஏம்மா அந்தப் பேரச் சொன்ன? இங்க யாரு உன்ன அந்தப் பேருல கேட்டா? உனக்குன்னு ஒரு பேரு இல்லையா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்ததா என்று தேடினேன். இல்லை. என்னைப் பழிவாங்குகிறாளா என்று தேடினேன். அதுவும் தெரியவில்லை.

"இருக்குடி" என்றாள். "ஆனா அந்தப் பேரக் கூப்பிட்டாத்தான் எனக்குக் காதுல விழுது."

உள்ளேயிருந்து சேச்சி அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். "உண்டு" என்று சொல்லிக்கொண்டே அம்மா உள்ளே போனாள். ரேஷன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெளியே நின்றேன்.